எஞ்சின் மேல் கேபின் கொண்ட பழைய லாரி: வாங்குவது முதல் எஃப்.சி. வரை வேலைகளின் வரிசை

இந்த வழிகாட்டி, எஞ்சினுக்கு மேலேயே ஓட்டுநர் கேபின் அமர்ந்திருக்கும், மூக்கு நீளாத பழைய சரக்கு லாரிகளைப் பற்றியது. மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத டீசல் பம்புடன், பாரத் ஸ்டேஜ் 3 (வண்டிப் புகைக்கான அரசு விதி) காலம் வரை வெளிவந்த வண்டிகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் கட்டாயமாகிவிட்டதால், இன்று நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கைமாறும் இத்தகைய வண்டிகள் எட்டு வயதைத் தாண்டியவையாகவே இருக்கும்.

புதிதாக வாங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வேலை தெரியாமல் அல்ல, வேலைகளின் வரிசை தெரியாமல்தான். பெயிண்ட், டிங்கரிங், இருக்கை உறை, பாட்டுப்பெட்டி என்று தொடங்கி, பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் வரும்போது கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. இந்த வகை லாரியில் எஞ்சின் கேபினுக்கு அடியில் மறைந்திருக்கிறது. கேபினைத் தூக்குவது கடினமாக இருந்தால் எஞ்சினை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே காகிதங்கள், கேபின் தூக்கும் அமைப்பு, பிரேக், ஸ்டீயரிங், வெப்பம், டீசல், மின்சாரம் என்ற வரிசையில் செல்வதே சரி. அழகு வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. முதலில் காகிதங்கள், பிறகு மெக்கானிக்

வண்டியின் வயது அது எந்த வேலைக்குப் போகலாம் என்பதையே தீர்மானிக்கிறது என்பதால், எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பல அச்சு (இரண்டுக்கு மேற்பட்ட அச்சுகள் கொண்ட) வண்டிகள் நீங்கலான சரக்கு வாகனங்களுக்கு 12 ஆண்டு வரையிலும், பல அச்சு வண்டிகளுக்கு 15 ஆண்டு வரையிலும் மட்டுமே, பிற மாநிலங்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் நேஷனல் பெர்மிட் கிடைக்கும். பதினோரு வயது ஆறு சக்கர வண்டியை வாங்கி, அடுத்த ஐந்தாண்டுகள் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் ஓட்டிக் கடனை அடைப்பதாகக் கணக்குப் போடுபவர் முதல் ஆண்டிலேயே சிக்கிக்கொள்வார். மாநிலத்துக்குள் செங்கல், கோழித்தீவனம், தேங்காய் ஏற்றுபவருக்கு அதே வண்டி லாபமானதாக இருக்கலாம்.

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 15 ஆண்டைத் தாண்டிய கனரக வண்டிகளுக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்காக உயர்ந்துவிட்டது. விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பைனான்ஸ் நிலுவை இருந்தால், விற்பவர் கடனை அடைத்து, பைனான்ஸ் நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ஐக் கொடுத்த பிறகே மீதிப் பணத்தைத் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு பதிவு எல்லைக்கு வண்டி போகிறதென்றால் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று. பெயர் மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு சொல்கிறது. நிலுவையில் உள்ள அபராதங்களையும் வரியையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சேஸ் எண்ணை வெறும் கண்ணால் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. சேஸ் சட்டத்தில் எண் குத்தியிருக்கும் இடத்தில் துருவையும் மசியையும் மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு, மேலே மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாகத் தாளில் எழும்பும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) எஃப்.சி.யின்போது கேட்பதும் இதையேதான். எழுத்துகளுக்கிடையே இடைவெளி சீராக இல்லாவிட்டாலோ, ஓரிடத்தில் மட்டும் உலோகம் தேய்ந்து மெலிந்திருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

2. எந்த வகைக் கேபின் என்று அறிதல்

நம் ஊரில் இரண்டு வகை உண்டு. அசோக் லேலண்ட் கார்கோ, ஐச்சர் போன்றவற்றில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட, முன்பக்கமாகச் சாயும் கேபின் இருக்கும். லேலண்ட் காமெட், டாரஸ் போன்றவை பெரும்பாலும் கேபின் இல்லாத சேஸாக விற்கப்பட்டு, நாமக்கல்லிலோ கரூரிலோ பாடி கட்டும் பட்டறையில் கேபினும் சேர்த்துக் கட்டப்பட்டவை. இவற்றில் கேபின் அசையாது. ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் நடுவில் இருக்கும் எஞ்சின் மூடியைக் கழற்றித்தான் உள்ளே கை விட வேண்டும்.

பட்டறையில் கட்டிய கேபினுக்குச் சாய்க்கும் அபாயம் இல்லை. ஆனால் பின்பக்க சிலிண்டர்களின் வேலை, கிளட்ச் வேலை ஆகியவற்றுக்கு அதிக நேரமாகும். சாயும் கேபினில் எல்லாம் திறந்து கிடக்கும். ஆனால் சாய்க்கும் அமைப்பையும் ஒரு பாகமாகப் பராமரிக்க வேண்டும். வழியில் தாமே ரிப்பேர் பார்க்கும் உரிமையாளருக்குச் சாயும் கேபினே பொருத்தம் என்பது என் கருத்து. நகரத்துக்குள் மட்டும் ஓடி, எல்லா வேலையையும் பட்டறையில் விடுபவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

3. வண்டியைப் பார்க்கும் நாள்

முன்கூட்டியே சொல்லி, எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சினில்தான் செல்ஃப் மோட்டார், பேட்டரி, டீசலைத் தெளிக்கும் நாசில், கம்ப்ரெஷன் ஆகிய நான்கின் உண்மை நிலையும் வெளிப்படும் என்பதால், அப்படியிருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்புவது நல்லது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்த வாயின்மேலேயே வைத்துப் பாருங்கள். மூடி மெல்லத் துடித்தால் பரவாயில்லை. தூக்கி எறியப்பட்டால் பிஸ்டன் ரிங் வழியாக வாயு கசிகிறது. எஞ்சின் வேலை நெருங்கிவிட்டது. டாடா லாரிகள் பலவற்றில் உள்ள 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி எஞ்சினில், சிலிண்டருக்குள் உறைபோல் இருக்கும் மாற்றக்கூடிய லைனர் கிடையாது. சிலிண்டர் தேய்ந்தால் பிளாக்கையே போரிங் போட வேண்டும். லைனர் உள்ள எஞ்சினுக்குச் செலவுக் கணக்கு வேறு. எனவே எந்த எஞ்சின் என்று தெரிந்துகொள்ளாமல் 'எஞ்சின் வேலைக்கு இவ்வளவுதான் ஆகும்' என்று விற்பவர் சொல்வதை ஏற்க வேண்டாம்.

பிறகு கேபினுக்குள் மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். மிதியடிக்கு அடியிலும், கதவுப் படியின் உட்புறத்திலும், கேபின் பின்பக்கம் சேஸில் உட்காரும் இடங்களிலும் துரு இருந்தால் அது வெறும் டிங்கர் வேலை அல்ல. கேபினைத் தாங்கும் புள்ளிகள் அவைதான். முன் கண்ணாடியின் கீழ் ரப்பர் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினால் போதும், பெயிண்டுக்கு அடியில் பட்டி மட்டும் இருக்கிறதா, தகடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

4. வேலையைத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சக்கரத்துக்கு வைக்கும் மரத்தாலான முட்டுக்கட்டைகள் நான்கு, 20 டன் ஜாக்கி, அச்சைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள், கிரீஸ் பம்ப், மல்டிமீட்டர், அந்த மாடலுக்குரிய சர்வீஸ் புத்தகம். இவற்றுடன் கேபினைத் தாங்குவதற்கென்று அளவெடுத்து வெட்டிய கனமான இரும்புக் குழாய் ஒன்றும் வேண்டும். சாலையோரத்தில் கிடைக்கும் கருங்கல்லை முட்டுக்கட்டையாக வைப்பது எங்கும் காணப்படும் பழக்கம். கல் உருண்டுவிடும், எண்ணெய் பட்ட சிமெண்டுத் தரையில் வழுக்கிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

5. கேபினைத் தூக்குதல்

பெரும்பாலான விபத்துகள் தூக்கும்போது அல்ல, தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியதை விட்டுவிடுவதால் நிகழ்கின்றன. வரிசை இதுதான்: வண்டியைச் சமதரையில் நிறுத்துவது, ஹேண்ட் பிரேக் போடுவது, முட்டுக்கட்டை வைப்பது, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது, எஞ்சினை நிறுத்துவது, கேபினைக் காலி செய்வது, கதவுகளை மூடுவது, முன்னும் மேலும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. நியூட்ரல் ஏன் என்றால், கியர் கம்பி பல வண்டிகளில் கேபினோடு சேர்ந்து நகரும். கியர் விழுந்த நிலையில் தூக்கினால் இணைப்பு வளையும், இறக்கியபின் வண்டி கியரில் நிற்பது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் முன்னால் பாயும்.

கேபினைக் காலி செய்வதைத்தான் எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். நெடுந்தூர வண்டியின் கேபினில் தண்ணீர்க் கேன், கேஸ் ஸ்டவ், அரிசி டப்பா, வீல் ஸ்பேனர், டாஷ்போர்டில் சாமி படத்துக்கு முன் விளக்கு என்று ஒரு குடும்பமே நடத்தும் சாமான் இருக்கும். கேபின் சாயும்போது இவை அனைத்தும் முன் கண்ணாடியின்மேல்தான் விழும். படுக்கைக்கு அடியில் மறந்துபோன ஜாக்கி ஒன்று போதும், கண்ணாடி உடைய.

அடுத்து லாக்கைத் திறந்து, பாதுகாப்புக் கொக்கியை விடுவித்துத் தூக்க வேண்டும். சிறிய வண்டிகளில் முறுக்குக் கம்பியின் விசை கேபினை ஏறத்தாழ தானாகவே மேலே கொண்டுவரும். பெரியவற்றில் கைப் பம்ப் அடித்து ஹைட்ராலிக் தூண் மூலம் தூக்க வேண்டும். எதுவானாலும் முழு உயரம் வரை கொண்டுசென்று, தாங்கு கம்பியின் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்டலாம். பாதியில் நிறுத்தி, 'ஒரு நிமிடம்தானே' என்று பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கிளீனரிடமும் அனுமதிக்கக் கூடாது. பழைய பம்பின் சீல் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாங்கு கம்பியை நம்ப முடியாத வண்டியில், வெட்டி வைத்த இரும்புக் குழாயையும் சேர்த்தே நிறுத்துங்கள்.

வண்டி கைக்கு வந்த முதல் முறை தூக்கும்போது எஞ்சினைப் பார்க்கும் முன் தூக்கும் அமைப்பையே பாருங்கள். பம்பிலும் ஹோஸிலும் எண்ணெய்க் கசிவு, முன்பக்கத்தில் கேபின் சுழலும் அச்சாணியும் அதன் புஷ்ஷும், லாக்கின் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்பது, கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே செல்லும் ஒயர்க் கட்டும் காற்றுக் குழாய்களும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் இந்தக் குழாய்களும் ஒயர்களும் வளைந்து நிமிர்கின்றன. இன்ன காரணம் என்று பிடிபடாமல் விட்டு விட்டு வரும் விளக்குக் கோளாறுகளில் பல, கேபின் சுழலும் இடத்தில் உரசித் தோலுரிந்த ஒயரிலிருந்துதான் கிளம்புகின்றன.

இறக்கியபின் லாக் விழுந்ததை இரு பக்கமும் கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும். லாக் சரியாக விழாத கேபின், அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது ஓட்டுநரோடு முன்னால் எழும்பும். ஹைட்ராலிக் பம்பின் நெம்புகோலை இறக்கும் நிலைக்கே திருப்பிவைப்பதும் அவசியம். தூக்கும் நிலையிலேயே விட்டுவிட்டால், மேடு பள்ளத்தில் கேபின் இயல்பாக அசைய முடியாமல் எண்ணெய் தடுக்கும். சீலும் தாங்கும் புள்ளிகளும் சீக்கிரம் கெடும்.

6. காற்றும் பிரேக்கும்

எஞ்சின் இழுக்காவிட்டால் வண்டி நிற்கும். பிரேக் பிடிக்காவிட்டால் நிற்காது. ஆகையால் எஞ்சினுக்கு முன்னால் பிரேக்.

காற்றுத் தொட்டிகளின் அடியில் உள்ள வடிகாலைத் தினமும் திறந்து பாருங்கள். வெறும் தண்ணீர் வந்தால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜை மாற்றும் காலம். எண்ணெய் கலந்த குழம்பு வந்தால் கம்ப்ரெசர் ரிங் தேய்ந்து ஆயிலைத் தள்ளுகிறது. எண்ணெய் வரும் வண்டிக்குப் புது டிரையர் போட்டால் அதுவும் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். எனவே முதலில் கம்ப்ரெசர், பிறகு டிரையர். இந்த வரிசையை மாற்றிச் செய்து இரண்டு டிரையருக்குப் பணம் கட்டியவர்கள் ஏராளம்.

கசிவுச் சோதனைக்கு, சமதரையில் முட்டுக்கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, காற்று முழுவதும் ஏறும் வரை (வண்டிக்கேற்ப ஏறத்தாழ 7 முதல் 8 பார்) எஞ்சினை ஓட்டிப் பின் நிறுத்துங்கள். பெடலைத் தொடாமல் ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேலும், பெடலை மிதித்துப் பிடித்த நிலையில் ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேலும் இறங்கினால் கசிவைத் தேட வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கேபின் சுழலும் இடத்திலுள்ள குழாய்களை முதலில் பாருங்கள்; கேபின் இறங்கியிருக்கும்போது கசிந்து, தூக்கியதும் அடங்கிவிடும் கசிவுகள் அங்கேதான் இருக்கும்.

பிரேக் லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே அளவுக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம் குளிர்ந்த பிறகே சரிசெய்ய வேண்டும், ஏனெனில் சூட்டில் டிரம் விரிந்திருக்கும். அப்போது வைத்த அளவு ஆறியபின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்க ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் தெருவோரத்தில் யாரும் பிரிக்கக் கூடாது. உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங், கிளாம்பைக் கழற்றிய நொடியில் ஆளைக் கொல்லும் விசையோடு வெளியே வரும். அதைப் பிடித்துவைக்கும் போல்ட்டைப் போட்ட பிறகே அச்சிலிருந்து கழற்ற வேண்டும், அதன் பின்னும் பிரிக்காமல் முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.

டீசல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விடும் ஓட்டுநரை வேலைக்கு வைக்காதீர்கள். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர்க் கணவாயில் கவிழும் லாரிகளின் கதையில் இது திரும்பத் திரும்ப வருகிறது. நியூட்ரலில் எஞ்சினின் பிடி போய்விடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் கம்ப்ரெசரும் செலவான காற்றை ஈடுகட்டாது. லைனிங்கோ சூட்டில் பிடிப்பை இழக்கிறது.

7. ஸ்டீயரிங், முன் அச்சு, கியர் இணைப்பு

முன் அச்சின் கீழ் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் அது ஹப் பேரிங். மறையாவிட்டால், முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக இருக்கும் கிங் பின்னின் புஷ். பக்கவாட்டில் ஆட்டினால், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு முனைகளின் தேய்மானம் தெரியும். இதைச் செய்யாமல் நேராக அலைன்மெண்டுக்குப் போவது வீண் செலவு, ஏனெனில் தளர்ந்த கிங் பின்னில் எந்த அளவும் நிற்காது.

சாயும் கேபினில் ஸ்டீயரிங் தண்டு இரண்டு கிராஸ் இணைப்புகளோடும், நீண்டு சுருங்கும் பல்வரிசையோடும் இருக்கும். கேபின் தூக்கியிருக்கும்போது இந்தப் பல்வரிசையைத் துடைத்துக் கிரீஸ் வையுங்கள். ஸ்டீயரிங்கில் ஆட்டம் என்றதும் பலர் ஸ்டீயரிங் பாக்ஸையே பிரித்துவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் இந்தக் கிராஸிலோ, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கிலோ இருக்கிறது.

கியருக்கும் இதே கதைதான். இந்த வண்டிகளில் ஓட்டுநரின் கைக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே கம்பிகளும், பந்து இணைப்புகளும், புஷ்களும் நீளமாகப் போகின்றன. கியர் விழ மறுத்தாலோ நழுவினாலோ, ஒருவர் மேலே கியரை அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து, எந்த இணைப்பு வெறுமனே ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் புஷ்ஷுக்காகக் கியர்பாக்ஸை இறக்கிய பட்டறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிளட்ச் முழுதாக விடவில்லை என்றால், பிளேட்டைக் குறைசொல்வதற்கு முன் கிளட்ச் பூஸ்டரையும், எண்ணெயில் காற்று கலந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

8. வெப்பம்

முன்பக்கக் காற்று ஒரு குறுகிய வழியில்தான் ரேடியேட்டரை அடைகிறது. அதன் பின் கேபினுக்கு அடியில் சுழன்று வெளியேறுகிறது. ஆகவே அடைப்பும் ஓட்டையும் மூக்கு வண்டியைவிட இதில் அதிகம் பாதிக்கும். ரேடியேட்டரின் வெளிப்புறத்தை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். முன்னிருந்து பீய்ச்சினால் பூச்சியும் வைக்கோல் தூசும் இன்னும் உள்ளே ஏறி இறுகும். விசிறியைச் சுற்றியுள்ள தகட்டு வளையத்தை 'இடைஞ்சல்' என்று கழற்றி எறிந்த வண்டிகள் உண்டு. அது இல்லாவிட்டால் விசிறி சுற்றிய காற்றையே திரும்பச் சுற்றும், ரேடியேட்டர் வழியாக இழுக்காது.

வண்டி ஹீட் ஆகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் பட்டறைகளின் பழைய வைத்தியம். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பும் வழியையும் சேர்த்து மூடுகிறது. கழற்றிவிட்டால் அந்தக் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். ஏற்றத்தில் சூடு முன்னைவிடக் கூடும், இறக்கத்தில் எஞ்சின் போதிய சூட்டை எட்டாமல் டீசலைக் குடிக்கும். புதியதை வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துப் பொருத்துங்கள்.

போர்வெல் தண்ணீரை ஊற்றவே கூடாது. நம் பகுதியின் உப்புத் தண்ணீர் சுண்ணாம்புப் படலமாக உள்ளே ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் சேர்த்து, டப்பாவில் சொன்ன விகிதத்தில் நிரப்புங்கள். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பதால், சந்தேகம் வந்தால் மூடியை முதலில் மாற்றுவது மலிவான சோதனை.

கேபினுக்குள் வரும் சூடு வெறும் வசதிக் குறைவு அல்ல. எஞ்சின் மூடியின் ரப்பரும், பெடல்கள் நுழையும் துளைகளின் உறைகளும் கிழிந்திருந்தால், புகைக்குழாய்க் கசிவிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமில்லை, ஓட்டுநருக்குத் தூக்கமும் தலைவலியும் வரும். கேபினின் அடியில் ஒட்டிய ஸ்பஞ்சில் டீசலும் ஆயிலும் ஊறியிருந்தால் உடனே உரித்தெறியுங்கள். தீ பிடிப்பதற்கு அதைவிட ஏற்ற இடம் வண்டியில் இல்லை.

9. டீசல், காற்று, ஆயில்

டீசல் ஃபில்டர் மாற்றியபின் ஏர் பிடித்துவிட்டால், செல்ஃபை நீண்ட நேரம் அடிக்க வேண்டாம், மோட்டார்தான் எரியும். கைப் பம்பை அடித்து, ஃபில்டரின் மேலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும் வரை விட்டு இறுக்கி, பின்பு பம்ப் பக்கமும் அதையே செய்யுங்கள். இது அடிக்கடி நிகழ்ந்தால், டேங்கிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது.

காற்று இழுக்கும் குழல் பல வண்டிகளில் கேபினின் பின்புறம் உயர்ந்து நிற்கும். கேபின் இறங்கும்போது அதன் ரப்பர் வாய் வந்து பொருந்தும். ரப்பர் கிழிந்து, கிழிசல் ஃபில்டருக்கு முன்னால் இருந்தால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், மழைநீரும் இறங்கும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருந்தால் புழுதி நேராக எஞ்சினுக்குள் போய்ச் சில மாதங்களில் ரிங்கைத் தின்றுவிடும். குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் எது என்று உடனே தெரியும்.

டேப்பட் (வால்வு) இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கம்மின்ஸ் 6பிடிக்குக் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. ஆயிலுக்குச் சர்வீஸ் புத்தகம் சொல்லும் தரத்தையும் கிலோமீட்டரையும் பின்பற்றினால் போதும். ஆனால் ஆயில் அளவைத் தினமும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முன் மூடியைத் திறந்தாலே அளவுக்கம்பி கைக்கெட்டும் என்பதால், கேபினைத் தூக்க வேண்டுமே என்ற சாக்கு இதற்குச் செல்லாது.

10. மின்சாரம்

இந்த லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. பாட்டுப்பெட்டிக்கும் செல்பேசி சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டைத் திருப்பி எடுப்பது ஏறக்குறைய எல்லாப் பழைய வண்டிகளிலும் காணப்படும் தவறு. அந்த ஒரு பேட்டரி மட்டும் காலியாகிக்கொண்டே போக, டைனமோ இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏற்ற, மற்றது அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும். 24-இலிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டரைப் பொருத்துவது ஒரு பேட்டரியின் விலையைவிட மலிவு. ஒன்று போனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சேஸிலோ கேபினிலோ வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பையும் டைனமோ இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

11. டயரும் சக்கரமும்

ரேடியல் டயரையும் நைலான் டயரையும் ஒரே அச்சில் கலக்கக் கூடாது. ரீட்ரெடிங் செய்த டயர் பின்னால் மட்டும் போகட்டும். முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் 50 முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் இடப்பக்க நட்டுகள் இடப்புரி உடையவை. அது தெரியாமல் ஸ்பேனரில் குழாய் மாட்டி மிதித்து ஸ்டட்டை முறிப்பவர்கள் உண்டு.

12. எஃப்.சி.க்கு முந்தைய மாதம்

எஃப்.சி. முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் போனால் பட்டறைக்காரர் சொல்லும் விலைதான் விலை. மேலே சொன்ன வரிசையில் எல்லாவற்றையும் மீண்டும் பார்த்து, அதன் பிறகே விளக்குகள், பிரதிபலிக்கும் பட்டைகள், வைப்பர், ஹாரன், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் முத்திரை, இறுதியாகப் பெயிண்ட். பெயிண்ட் முன்னால் வந்தால், பின்னர் கசியும் எண்ணெயும் வெல்டிங் பொறியும் அதைக் கெடுத்துவிடும். பெயிண்ட் அடிப்பவரிடம் சேஸ் எண் உள்ள இடத்தையும் கிரீஸ் முலைகளையும் காகிதம் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், செலவு ஆகியவற்றை எழுதி வாருங்கள். அந்த ஆண்டின் ரிப்பேர்ச் செலவும் எஃப்.சி. கட்டணமும் காப்பீடும் சேர்ந்து, வண்டியின் அன்றைய சந்தை விலையில் பாதியைத் தொட்டால், அடுத்த எஃப்.சி.யை எடுத்துக் கையோடு விற்றுவிடுவது என் வழக்கம். எஃப்.சி. நடப்பில் இருக்கும் வண்டிக்குக் கிடைக்கும் விலை, எஃப்.சி. முடிந்து நிற்கும் வண்டிக்குக் கிடைப்பதில்லை.